வால்யூமில் இருப்பது எந்தக் கோப்பு முறைமை? நிரலில் கண்டறிவோருக்கான கேள்வி-பதில்

இந்தப் பக்கத்தில் வரும் பைட் மதிப்புகளும் இடங்களும் தசம எண்களில் உள்ளன. இடம் என்பது வால்யூமின் (கோப்பு முறைமை அமர்ந்திருக்கும் பார்ட்டிஷன் அல்லது டிஸ்க்) முதல் பைட்டை 0 என்று வைத்து எண்ணியது. டிஸ்க்கில் பார்ட்டிஷன் இருந்தால் அந்தப் பார்ட்டிஷனின் தொடக்கம்தான் 0, டிஸ்க்கின் தொடக்கம் அல்ல. முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள வகை எண்ணைப் பார்த்தாலே போதாதா?

போதாது. எம்பிஆர் என்ற பழைய வடிவப் பார்ட்டிஷன் அட்டவணையில் வகை 7 என்றால் என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கலாம், எக்ஸ்ஃபேட்டாக இருக்கலாம், பழைய எச்பிஎஃப்எஸ்ஸாகவும் இருக்கலாம். 131 என்றால் லினக்ஸ் என்பதோடு சரி. உள்ளே எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று எதுவும் இருக்கும். புதிய அட்டவணை வடிவமான ஜிபிடி-யிலும் இதே கதைதான்: மைக்ரோசாஃப்ட்டின் 'பேசிக் டேட்டா' வகை ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் மூன்றுக்கும் பொது. இந்த எண்ணை எழுதுவது பார்ட்டிஷன் பிரிக்கும் கருவி. லினக்ஸின் எம்கேஎஃப்எஸ் கருவிகள் பிறகு ஃபார்மட் செய்யும்போது அதைத் தொடுவதே இல்லை. அதைக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

வால்யூம் ஏற்கெனவே மவுண்ட் ஆகி (இயங்குதளத்தோடு இணைந்து பயன்பாட்டில்) இருக்கிறது. அப்போதும் பைட்டுகளைப் படிக்க வேண்டுமா?

வேண்டாம். இயங்குதளத்திடம் கேளுங்கள். எந்த டிரைவர் அதை மவுண்ட் செய்தது என்பது அதற்குத்தான் தெரியும்.

லினக்ஸில் /ப்ராக்/செல்ஃப்/மவுண்ட்இன்ஃபோ கோப்பைப் படிக்கலாம். இதில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு வரியிலும் நடுவே சில விருப்பப் புலங்கள் வரும்; அவற்றின் எண்ணிக்கை வரிக்கு வரி மாறும். அதனால் 'ஒன்பதாவது புலம்' என்று எண்ணிப் பிடித்தால் ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொன்றில் உடையும். தனியாக நிற்கும் ஒற்றை இடைக்கோட்டைத் தேடுங்கள். அதற்கு அடுத்த சொல்தான் கோப்பு முறைமையின் பெயர். பாதையில் இடைவெளி இருந்தால் அது பின்சாய்கோடும் 040-உமாக எழுதப்பட்டிருக்கும், அதையும் மாற்றிப் படிக்க வேண்டும்.

மேக்கில் ஸ்டாட்எஃப்எஸ் அழைப்பு பெயரையே சரமாகத் தருகிறது. ஃபேட் வகைகள் எல்லாமே அங்கே 'எம்எஸ்டாஸ்' என்ற ஒரே பெயரில் வரும்.

விண்டோஸில் கெட்வால்யூம்இன்ஃபர்மேஷன் அழைப்பு. அதன் சிக்கல்களைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

லினக்ஸில் ஸ்டாட்எஃப்எஸ் 61267 என்ற எண்ணைத் தருகிறது. எக்ஸ்ட்4 என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றுக்கும் அதே எண்தான். 1702057286 வந்தால் அது ஃபியூஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும் கோப்பு முறைமை டிரைவர்களுக்கான வழி) என்று மட்டுமே பொருள். பின்னால் என்டிஎஃப்எஸ் இருக்கிறதா, தொலைவிலுள்ள ஒரு சர்வர் இருக்கிறதா என்பது தெரியாது. மவுண்ட்இன்ஃபோவில் கிடைக்கும் பெயரும் டிரைவரின் பெயரே. ஒரே என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக மவுண்ட் செய்தால் 'ஃபியூஸ்பிளாக்' என்று வரும். 2021-இல் வந்த 5.15 கர்னலில் சேர்ந்த டிரைவர் வழியாக மவுண்ட் செய்தால் 'என்டிஎஃப்எஸ்3' என்று வரும். பெயரை நேராக ஒப்பிடும் நிரல் இரண்டில் ஒன்றைத் தவறவிடும்.

மவுண்ட் ஆகாத வால்யூமில் எங்கே, எதைத் தேடுவது?

அதிகம் எதிர்ப்படும் அடையாளக் குறிகள் இவை. முதலில் இடம், பிறகு அங்கே இருக்க வேண்டிய பைட்டுகள்:

- எக்ஸ்எஃப்எஸ்: 0-இல் 88 70 83 66
- ஸ்குவாஷ்எஃப்எஸ்: 0-இல் 104 115 113 115
- லக்ஸ் மறைகுறியாக்கம்: 0-இல் 76 85 75 83 186 190
- என்டிஎஃப்எஸ்: 3-இல் 78 84 70 83, தொடர்ந்து நான்கு 32
- எக்ஸ்ஃபேட்: 3-இல் 69 88 70 65 84, தொடர்ந்து மூன்று 32
- பிட்லாக்கர்: 3-இல் 45 70 86 69 45 70 83 45
- ஏபிஎஃப்எஸ்: 32-இல் 78 88 83 66
- எச்எஃப்எஸ் பிளஸ்: 1024-இல் 72 43; பெயர்களில் பெரிய, சிறிய ஆங்கில எழுத்து வேறுபாடு பார்க்கும் வகையை அனுமதிக்கும் எச்எஃப்எஸ்எக்ஸ் என்றால் 72 88
- எஃப்2எஃப்எஸ்: 1024-இல் 16 32 245 242
- எக்ஸ்ட் குடும்பம்: 1080-இல் 83 239
- லினக்ஸ் ஸ்வாப்: பேஜ் அளவு 4096 என்றால் 4086-இல் 83 87 65 80 83 80 65 67 69 50
- ஐஎஸ்ஓ 9660: 32769-இல் 67 68 48 48 49
- பிடிஆர்எஃப்எஸ்: 65600-இல் 95 66 72 82 102 83 95 77

ஃபேட் இந்தப் பட்டியலில் இல்லாதது கைப்பிழை அல்ல. அதற்குத் தனிக் கேள்வி உண்டு.

இரண்டு பைட் குறிகளை ஒருபோதும் தனியாக நம்பாதீர்கள். 1080-இல் 83 239 தற்செயலாக விழும் வாய்ப்பு 65536-இல் ஒன்று. மறைகுறியாக்கிய டிஸ்க்குகள் நிறையப் பார்க்கும் நிரலுக்கு அது சிறிய எண் அல்ல. குறி கிடைத்ததும் பக்கத்துப் புலங்களைச் சோதியுங்கள்: பிளாக் அளவு நியாயமானதா, மொத்த பிளாக் எண்ணிக்கையைப் பிளாக் அளவால் பெருக்கினால் சாதனத்துக்குள் அடங்குகிறதா, செக்சம் (சரிபார்ப்பு எண்) இருந்தால் அது பொருந்துகிறதா. எக்ஸ்எஃப்எஸ் எண்களைப் பெரிய பைட் முதலில் வரும்படி எழுதுகிறது. பட்டியலில் உள்ள மற்ற லினக்ஸ் முறைமைகள் சிறிய பைட் முதலில். இதைக் கலந்துவிட்டால் நல்ல வால்யூமையே 'அளவு பொருந்தவில்லை' என்று தள்ளிவிடுவீர்கள்.

எவ்வளவு படித்தால் போதும்?

தொடக்கத்திலிருந்து 128 கிபி (கிலோபைட்), முடிவிலிருந்து 1 எம்பி. முன்பகுதி மேலே சொன்ன எல்லாக் குறிகளையும் அடக்கிவிடும். பின்பகுதி ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை), இசட்எஃப்எஸ் ஆகியவற்றுக்காக. இசட்எஃப்எஸ் தலா 256 கிபி அளவில் நான்கு லேபிள்களை எழுதுகிறது, இரண்டு முன்னால், இரண்டு பின்னால். சாதனம் இந்த அளவைவிடச் சிறியதாக இருந்தால் கிடைத்த வரை படியுங்கள். குறைவாகப் படித்ததைப் பிழையாக்காதீர்கள்.

விண்டோஸில் வால்யூமை நேரடியாகத் திறந்து படிக்கும்போது தொடக்கமும் நீளமும் செக்டர் அளவின் மடங்காக இருக்க வேண்டும். 1080-இலிருந்து இரண்டு பைட் கேட்டால் மறுத்துவிடும். 4096-இன் மடங்காகவே படிக்கும் பழக்கம் இருந்தால் 512 செக்டர் டிஸ்க்கிலும் 4096 செக்டர் டிஸ்க்கிலும் ஒரே நிரல் ஓடும்.

ஃபேட்12, ஃபேட்16, ஃபேட்32: எப்படிப் பிரிப்பது?

பூட் செக்டரில் 54-ஆம் இடத்திலோ (12, 16) 82-ஆம் இடத்திலோ (32) வகையின் பெயர் எழுத்தாக இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட்டின் விவரக்குறிப்பே சொல்கிறது. அது அலங்காரம்தான்; சில சாதனங்கள் அதை நிரப்புவதே இல்லை. வகையைத் தீர்மானிப்பது கிளஸ்டர் (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு) எண்ணிக்கை: 4085-க்குக் குறைவென்றால் ஃபேட்12, அதற்கு மேல், ஆனால் 65525-க்குக் குறைவென்றால் ஃபேட்16, 65525 முதல் ஃபேட்32.

கணக்கு இப்படி. 11-இல் செக்டருக்கு எத்தனை பைட் (2 பைட் எண்), 13-இல் கிளஸ்டருக்கு எத்தனை செக்டர் (1 பைட்), 14-இல் ஒதுக்கிய செக்டர்கள் (2), 16-இல் ஃபேட் அட்டவணைகளின் எண்ணிக்கை (1), 17-இல் ரூட் பதிவுகள் (2), 19-இல் மொத்தச் செக்டர்கள் (2, இது 0 என்றால் 32-இல் உள்ள 4 பைட் எண்), 22-இல் ஒரு ஃபேட் அட்டவணையின் செக்டர்கள் (2, 0 என்றால் 36-இல் உள்ள 4 பைட் எண்).

100 எம்பி வால்யூம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செக்டர் 512 பைட், மொத்தம் 204800 செக்டர், கிளஸ்டருக்கு 4, ஒதுக்கியது 4, இரண்டு அட்டவணைகள் தலா 200 செக்டர், ரூட் பதிவுகள் 512. ரூட் பகுதிக்கு 512 × 32 ÷ 512 = 32 செக்டர். தரவுக்கு 204800 − (4 + 400 + 32) = 204364. நான்கால் வகுத்தால் 51091 கிளஸ்டர். எனவே ஃபேட்16. ரூட் பகுதிக்கான வகுத்தலை மேல்நோக்கியும் கிளஸ்டர் வகுத்தலைக் கீழ்நோக்கியும் முழுமையாக்குங்கள்.

விதி இதுவென்றாலும், லினக்ஸ் கர்னல் ஃபேட்32-ஐ வேறு வழியில் பிடிக்கிறது: 22-ஆம் இடம் 0-ஆகவும் 36-ஆம் இடத்தில் மதிப்பும் இருந்தால் ஃபேட்32. எல்லையை ஒட்டிய சிறிய வால்யூம்களில் இரண்டு வழிகளும் முரண்படலாம். அந்த வால்யூமை யார் மவுண்ட் செய்யப்போகிறார்களோ அவர்களின் வழியைப் பின்பற்றுவதே நடைமுறைக்கு உகந்தது.

510-இல் 85 170 இருக்கிறது. அது ஃபேட்டா, எம்பிஆரா?

இரண்டிலும் அதே இரண்டு பைட்டுகள்தான். என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும்கூட. பார்ட்டிஷனே இல்லாமல் முழு டிஸ்க்கும் ஃபேட்டாக ஃபார்மட் ஆன பென் டிரைவ்கள் உண்டு என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது.

ஃபேட் என்றால் முதல் பைட் 235 அல்லது 233; செக்டர் அளவு 512, 1024, 2048, 4096-இல் ஒன்று; கிளஸ்டர் அளவு இரண்டின் அடுக்கு; ஒதுக்கிய செக்டர் 0 அல்ல; 21-ஆம் பைட் 240 அல்லது 248-உம் அதற்கு மேலும். எம்பிஆர் என்றால் 446-இல் தொடங்கும் நான்கு பதிவுகளிலும் (தலா 16 பைட்) முதல் பைட் 0 அல்லது 128. முதலில் ஃபேட் சோதனைகள் எல்லாவற்றையும் ஓட்டுங்கள். தேறாவிட்டால் மட்டும் எம்பிஆர் என்று பாருங்கள்.

எக்ஸ்ட்2, 3, 4-ஐப் பிரிக்க என்ன வழி?

வசதிக் கொடிகள். மூன்று 4 பைட் எண்கள்: 1116, 1120, 1124 ஆகிய இடங்களில். வரிசை முக்கியம்.

முதலில் 1120-இல் உள்ள எண்ணில் 8 என்ற பிட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கோப்பு முறைமையே அல்ல, வேறொரு வால்யூமுக்கான ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) சாதனம். அடுத்து அதே எண்ணில் 64 (எக்ஸ்டென்ட்), 128 (64 பிட்), 512 (ஃபிளெக்ஸ் பிஜி) ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, அல்லது 1124-இல் 8-உம் அதற்கு மேலுமான பிட்டுகள் இருந்தால் எக்ஸ்ட்4. எதுவும் இல்லையென்றால் 1116-இல் 4 என்ற பிட்டைப் பாருங்கள்: இருந்தால் எக்ஸ்ட்3, இல்லையென்றால் எக்ஸ்ட்2.

ஜர்னலை முதலில் சோதிப்பவர்கள் ஜர்னல் இல்லாத எக்ஸ்ட்4-ஐ எக்ஸ்ட்2 என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் இந்தப் பிரிவினை மனிதருக்குக் காட்டத்தான் பயன்படுகிறது. 2015-இல் வந்த 4.3 கர்னலிலிருந்து தனி எக்ஸ்ட்3 டிரைவர் கிடையாது. எக்ஸ்ட்4 டிரைவரே அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஒரே வால்யூமில் இரண்டு குறிகள் கிடைக்கின்றன. எது உண்மை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஃபார்மட் செய்வது பழையதை முழுதாக அழிப்பதில்லை. ஒவ்வொரு முறைமையும் தன் குறியைத் தனக்கென்று ஓர் இடத்தில் வைக்கிறது. புதியது அந்த இடத்தைத் தொடாவிட்டால் பழைய குறி அப்படியே கிடக்கும். அடிக்கடி காணும் காட்சி: ஒரு லினக்ஸ் நிறுவல் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதியிருப்பார்கள். பிறகு அதே டிரைவில் புதிய பார்ட்டிஷன் அட்டவணை போட்டு ஃபேட்32 ஆக்குவார்கள். முதல் பார்ட்டிஷன் வழக்கமாக 1 எம்பியில்தான் தொடங்கும். அதற்கு முன்னால், 32769-இல், ஐஎஸ்ஓ குறி உயிரோடு இருக்கும். முழு டிஸ்க்கைச் சோதிக்கும் நிரல் 'ஐஎஸ்ஓ 9660' என்று சாதிக்கும்.

அதனால் முதல் குறி கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். எல்லாவற்றையும் தேடி, ஒவ்வொன்றையும் அதன் பக்கத்துப் புலங்களோடு சரிபார்த்து, இன்னும் ஒன்றுக்கு மேல் மிஞ்சினால் 'தெளிவில்லை' என்று திருப்பிக் கொடுங்கள். லினக்ஸின் பிளாக்-ஐடி கருவி தாழ்நிலைச் சோதனையில் (பி தேர்வு) இதைத்தான் செய்கிறது: முரண்பட்டால் வெளியேறும் எண் 8, எதுவும் அடையாளம் தெரியாவிட்டால் 2. நிரலிலிருந்து அதே நூலகத்தை அழைப்பவர்கள் முதல் விடையோடு நிற்கும் அழைப்பைத் தவிர்த்து, 'சேஃப்புரோப்' என்ற அழைப்பைப் பயன்படுத்த வேண்டும்.

வைப்எஃப்எஸ் கருவியைத் தேர்வு எதுவும் தராமல் ஓட்டினால் எல்லாக் குறிகளையும் இடத்தோடு காட்டும், எதையும் அழிக்காது. எது பழையது என்று உறுதியான பிறகு அந்த ஒன்றை மட்டும் இடத்தைச் சொல்லி நீக்கலாம். 'எல்லாம்' என்ற தேர்வு பெயருக்கேற்ப எல்லாவற்றையும் நீக்கும். காப்பு எடுக்கும் தேர்வையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

இரண்டு குறிகளும் நியாயமானவையாக இருக்கும் இடமும் உண்டு: ஐஎஸ்ஓ 9660-உம் யூடிஎஃப்பும் சேர்ந்த வட்டுகள். 32768-இலிருந்து 2048 பைட்டுக்கு ஒன்றாக வரும் பதிவுகளில் 78 83 82 48 50 (அல்லது கடைசி 51) கண்டால் யூடிஎஃப்பும் இருக்கிறது. அதை முரண்பாடாகக் காட்ட வேண்டாம். யூடிஎஃப்புக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ரெய்டு உறுப்பு டிஸ்க்கில் எக்ஸ்ட்4 என்று காட்டுகிறது. சரியா?

தவறு, ஆபத்தான தவறும்கூட. லினக்ஸ் எம்டி ரெய்டின் 0.90, 1.0 வடிவங்கள் தங்கள் தகவலை டிஸ்க்கின் முடிவில் வைக்கின்றன. இரட்டைப் பிரதி ரெய்டில் (ரெய்டு 1) தொடக்கம் அச்சு அசலாகக் கோப்பு முறைமை போலவே இருக்கும். யாராவது அந்த ஒற்றை டிஸ்க்கை மவுண்ட் செய்து எழுதினால் இரண்டு பிரதிகளும் பிரிந்துவிடும். எனவே ரெய்டு, எல்விஎம் (லினக்ஸின் வால்யூம் மேலாண்மை அடுக்கு), மறைகுறியாக்கம் ஆகியவற்றைக் கோப்பு முறைமைக்கு முன்பே தேடுங்கள். எம்டியின் குறி 252 78 43 169: 1.1-இல் தொடக்கத்திலேயே, 1.2-இல் 4096-இல், 1.0-இல் முடிவிலிருந்து 8 முதல் 12 கிபிக்குள். எல்விஎம் குறி (76 65 66 69 76 79 78 69) வழக்கமாக 512-இல். ஆனால் முதல் நான்கு செக்டர்களில் எதிலும் இருக்கலாம்.

பிட்லாக்கர் போட்ட பென் டிரைவை ஃபேட்32 என்று சொல்கிறது. ஏன்?

எடுத்துச் செல்லும் டிரைவுகளுக்கான பிட்லாக்கர், பழைய கணினிகளுக்காக ஃபேட்32 போலத் தோன்றும் ஒரு முகப்பை வைக்கிறது. 3-இல் 77 83 87 73 78 52 46 49 இருக்கும், பட்டியலில் சொன்ன பிட்லாக்கர் குறி இருக்காது. 424-இல் உள்ள 16 பைட் அடையாளம் 59 214 103 73 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ஃபேட் சோதனைக்கு முன்பே இது நடக்க வேண்டும்.

ஒவ்வொரு வகையாக மவுண்ட் செய்து பார்த்தால் என்ன?

செய்யாதீர்கள். 'படிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தாலும் எக்ஸ்ட்4-உம் எக்ஸ்எஃப்எஸ்ஸும் நிலுவையிலுள்ள ஜர்னலை டிஸ்க்கில் எழுதி முடிக்கும். தடயவியல் பிரதியில் இது நடந்தால் அந்தப் பிரதி கெட்டது. தவிர்க்க முடியாவிட்டால் முன்னதற்கு 'நோலோடு', பின்னதற்கு 'நோரெகவரி' தேர்வு தேவை. பழுதான தரவைக் கர்னல் டிரைவரிடம் கொடுப்பது தனி ஆபத்து. வெளியார் தரும் வால்யூம் என்றால் குறி தேடும் நிரலையே குறைந்த அனுமதியுள்ள தனி ப்ராசஸில் ஓட்டுங்கள்.

விண்டோஸில் கெட்வால்யூம்இன்ஃபர்மேஷன் தோற்கிறது. எங்கே பிழை?

பெரும்பாலும் பாதையின் கடைசியில் பின்சாய்கோடு விடுபட்டிருக்கும். கோப்பின் பாதையை நேராகக் கொடுக்காமல் கெட்வால்யூம்பாத்நேம் மூலம் வேரைப் பெற்றுக் கொடுங்கள். கோப்புறையில் மவுண்ட் ஆன வால்யூம்களுக்கும் இது சரிப்படும். பிழை எண் 21 என்றால் உள்ளே மீடியா இல்லை. 1005 என்றால் விண்டோஸுக்குத் தெரிந்த முறைமை இல்லை. எக்ஸ்ட்4 டிஸ்க் இங்கேதான் வந்து விழும். இந்த இரண்டையும் ஒரே 'தோல்வி'யாக்கிவிடாதீர்கள். ஃபேட்12, ஃபேட்16 இரண்டும் 'ஃபேட்' என்றே வரும்.

நெட்வொர்க் பகிர்வுகளில் வரும் பெயருக்கு மதிப்பில்லை. சம்பா சர்வர் பின்னால் எதை வைத்திருந்தாலும், இயல்பாக 'என்டிஎஃப்எஸ்' என்றே சொல்லும். கோப்பு அனுமதி போன்ற ஒரு வசதிக்காகப் பெயரைத் தேடுகிறீர்கள் என்றால், அதே அழைப்பு தரும் வசதிக் கொடிகளைப் பாருங்கள்.

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிளாக் சில இடங்களில் காலியாகக் காட்டுகிறதே?

அது தகவலை யூடெவ் (லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் சேவை) தரவுத்தளத்திலிருந்து எடுக்கிறது. கன்டெய்னருக்குள் யூடெவ் இல்லை, ரூட் அனுமதியும் இல்லை என்றால் வகைக்கான நெடுவரிசை காலி. இதற்கு நேர்மாறாக, பிளாக்-ஐடி சாதாரணப் பயனராக ஓடும்போது பழைய கேஷ் விடையைத் தரக்கூடும். இப்போதுதான் ஃபார்மட் செய்த டிஸ்க் என்றால் பி தேர்வோடு ரூட்டாக ஓட்டுங்கள்.

இமேஜ் கோப்பில் எதுவுமே கிடைக்கவில்லை.

அது வெறும் பிரதியா என்று முதலில் பாருங்கள். 81 70 73 251 என்று தொடங்கினால் மெய்நிகர் கணினிகளுக்கான கியூகவ் வடிவம். உள்ளே பிளாக்குகள் இடம் மாறிக் கிடக்கும், மாற்றிய பிறகே தேட முடியும். வெறும் பிரதிதான் என்றால் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும். தொடக்கச் செக்டரைச் செக்டர் அளவால் பெருக்கி அங்கிருந்து எண்ணுங்கள். 2048-இல் தொடங்கும் பார்ட்டிஷன் 512 செக்டர் டிஸ்க்கில் 1048576-ஆம் பைட். 4096 செக்டர் டிஸ்க்கில் 8388608. ஜிபிடி தலைப்பையும் 512, 4096 இரண்டிலும் தேடுங்கள்.

என் செயல்கூறு எதைத் திருப்பித் தர வேண்டும்?

ஒரு பெயரை மட்டும் அல்ல. குறைந்தது ஐந்து நிலைகள் வேண்டும்: அடையாளம் தெரிந்தது, தெளிவில்லை, வேறொன்றின் உறை (ரெய்டு, எல்விஎம், லக்ஸ், பிட்லாக்கர்), குறி எதுவும் இல்லை, படிக்கவே முடியவில்லை. கடைசி இரண்டையும் 'காலி டிஸ்க்' என்று மொழிபெயர்த்துப் பயனரிடம் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கும் நிரல்கள்தான் தரவை அழிக்கின்றன. வெராகிரிப்ட் வால்யூமுக்கும் தலைப்பில்லாத டிஎம்-கிரிப்ட் வால்யூமுக்கும் வேண்டுமென்றே எந்தக் குறியும் கிடையாது. படித்த 128 கிபியும் முழுக்க 0 என்றால்கூட, 'தொடக்கம் காலி' என்பதற்கு மேல் எதையும் சொல்லாதீர்கள். பிடிஆர்எஃப்எஸ் தன் சூப்பர் பிளாக்கின் (அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி) பிரதியை 64 எம்பியில் வைத்திருக்கிறது.

சோதனைக்கு டிஸ்க்குகள் இல்லை. என்ன செய்வது?

ட்ரன்கேட் கட்டளையால் 512 எம்பி வெற்றுக் கோப்பு உருவாக்குங்கள். எழுதும் வரை அது இடம் பிடிக்காது. அதன்மேல் எம்கேஎஃப்எஸ் கருவிகளை ஓட்டுங்கள். 64 எம்பி போதுமென்று நினைத்தால் எக்ஸ்எஃப்எஸ் தடுக்கும்: புதிய பதிப்புகள் 300 எம்பிக்குக் குறைந்ததை மறுக்கின்றன. நல்ல கோப்புகளோடு கெட்டவையும் வேண்டும்: 1000 பைட்டில் வெட்டியது, ஐஎஸ்ஓவின் மேல் புதிய எம்பிஆர் போட்டது, எக்ஸ்ட்4 குறி மட்டும் இருந்து பிளாக் எண்ணிக்கை சாதனத்தைவிடப் பெரியது, ரேண்டம் பைட்டுகள் மட்டும் உள்ளது, ரேண்டம் பைட்டுகளுக்கு நடுவே 1080-இல் மட்டும் 83 239 வைத்தது.